கொல்லிப்பாவை எதைப் பார்க்கிறாள்?

(வளப்பூர் நாட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தக் கொல்லிமலையைப் பாடிய சங்கப் புலவர்கள் இதை ஆண்ட வல்வில் ஓரியை மறக்கவில்லை. அவனோடு ஒரு பெண்ணையும் மறக்கவில்லை. கபிலர் குறுந்தொகையில் அவளைச் சொல்கிறார். பரணர் நற்றிணையில் சொல்கிறார். அகநானூற்றிலும் அவள் உண்டு. கொல்லியின் மேற்குப் பக்கத்தில் தெய்வம் செய்துவைத்த பாவை அவள். சூறைக்காற்று மோதினாலும், மழை பொழிந்தாலும், இடி இடித்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அழகு குன்றாமல் நிற்பவள். குறவர் மகளை விரும்பும் ஒருவன், அவள் தனக்கு எட்டாதவள் என்று தோழனிடம் சொல்வதற்கு இந்தப் பாவையைத்தான் உவமை சொல்கிறான். பின்னால் வந்த கதைகள் அவளுக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்தன. அந்தச் சிரிப்பில் மயங்கி நெருங்குபவன் உயிர் பிழைக்கமாட்டான் என்றன. நீங்கள் எட்டுக்கை அம்மன் என்று கும்பிடுவது அவளைத்தான்.

இத்தனை நூற்றாண்டுகளாக அவளைப் பற்றிக் கேட்ட கேள்விகள் எல்லாம் அவளைப் பார்க்கிறவனைப் பற்றியவை. பார்த்தவன் என்ன ஆனான்? மயங்கினானா, மாண்டானா, தப்பினானா? அவள் எதைப் பார்க்கிறாள் என்று நம் இலக்கியத்தில் யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. இன்று நான் பேச வந்தது அந்தக் கேள்வியைப் பற்றித்தான். அதைக் கேட்கும் முறையை நான் கற்றுக்கொண்டது அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடம். அதனால் முதலில் அவர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பெல் ஹூக்ஸ் 1952இல் கென்டக்கி மாநிலத்தின் ஹாப்கின்ஸ்வில் என்ற சிற்றூரில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் குளோரியா ஜீன் வாட்கின்ஸ். எழுதும்போது தன் கொள்ளுப்பாட்டியின் பெயரை எடுத்துக்கொண்டார். 2021இல் மறைந்தார். 1992இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பு ஒன்றில், கறுப்பினப் பெண்கள் திரைப்படம் பார்ப்பதைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. அடிமை முறை இருந்த காலத்தில் கறுப்பின மக்கள் நிமிர்ந்து பார்த்தாலே தண்டனை கிடைத்தது என்ற செய்தியிலிருந்து அவர் தொடங்குகிறார். எங்கே பார்வையைத் தடுத்தார்களோ, அங்கே பார்ப்பதே எதிர்ப்பாகிவிடும் என்பது அவருடைய வாதம். அந்தப் பார்வைக்கு எதிர்ப்பார்வை என்று நான் பெயர் சொல்கிறேன்.

அவருக்கு முன்பே, 1975இல், லாரா மல்வி என்ற ஆங்கிலேயப் பெண்மணி, திரைப்படத்தின் கண் ஆணின் கண் என்று எழுதியிருந்தார். பெரிய திறப்புதான் அது. ஆனால் மல்வி பெண் என்று சொன்னபோது அவர் மனதில் இருந்தவள் வெள்ளைக்காரி. திரையில் அவள் ஆணின் பார்வைக்குப் பொருளாகிறாள், சரி. அவளுக்குப் பின்னால் தட்டு ஏந்தி நிற்கும் கறுப்புப் பெண்? அவளைப் பார்க்கவே யாரும் இல்லை. அரங்கில் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பெண்ணோ, கதாநாயகியாகவும் தன்னை நினைத்துக்கொள்ள முடியாது, வேலைக்காரியாகவும் நினைத்துக்கொள்ள மனம் வராது. ஹூக்ஸ் பல பெண்களிடம் பேசிப் பார்த்தார். சிலர் படம் பார்ப்பதையே விட்டிருந்தார்கள். சிலர் மனதில் ஒரு பகுதியை அணைத்து வைத்துவிட்டுப் பார்த்தார்கள். வேறு சிலர் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, இது யாருக்காக எடுக்கப்பட்டது, என்னை ஏன் இங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே பார்த்தார்கள். இந்த மூன்றாவது வகைப் பெண்களை நம்பித்தான் அவர் எழுதினார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இனமும் சாதியும் ஒன்றல்ல. அட்லாண்டிக் கடலைக் கடந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்டவர்களின் வரலாறு வேறு, இந்த மலையில் நாடு நாடாகப் பிரிந்து, ஊர்க்கவுண்டர் வைத்து, தன் நிலத்தில் தானே உழுது வாழ்ந்த மலையாளிப் பழங்குடியின் வரலாறு வேறு. அவர்களுடைய வலியை நாம் இரவல் வாங்கக் கூடாது. ஆனால் அவர்கள் உண்டாக்கிய முறையை நாம் பயன்படுத்தலாம். யார் எதிரில் யார் கண்ணைத் தாழ்த்த வேண்டும் என்று சட்டம் போட்டு வைத்திருந்த சமூகம் நம்முடையதும்தான்.

ஒளிப்படத்திலிருந்து தொடங்குகிறேன். 1850இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் லூயி அகாசி என்ற அறிவியலாளர், மனித இனங்கள் தனித்தனியாகத் தோன்றியவை என்று நிறுவ விரும்பினார். தென் கரோலினாவில் அடிமைகளாக இருந்த ஏழு பேரை ஆடை களையச் செய்து படம் எடுக்க வைத்தார். அவர்களில் இரண்டு பெண்கள், டெலியா, டிரானா. ரெண்டி என்பவரின் மகள் டெலியா. தகப்பனும் மகளும் ஒரே அவமானத்தில் படமானார்கள். அந்தத் தகடுகள் 1976இல் ஹார்வர்டின் அருங்காட்சியகப் பரணில் கிடைத்தன. 1990களின் நடுவில் கேரி மே வீம்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர் அந்தப் படங்களைச் சிவப்புச் சாயத்தில் பெரிதாக்கி, மேலே கண்ணாடியில் அந்த மனிதர்களை நோக்கிப் பேசும் வரிகளைப் பொறித்துக் காட்சிக்கு வைத்தார். பல்கலைக்கழகம் வழக்குப் போடுவதாக எச்சரித்தது. பிறகு ரெண்டியின் வழிவந்தவர் என்று சொல்லும் டமாரா லேனியர் 2019இல் பல்கலைக்கழகத்தின் மீதே வழக்குத் தொடுத்தார். என் பாட்டனின் படம் உனக்கு எப்படிச் சொந்தம் என்பது அவர் கேள்வி. 2025இல் உடன்பாடு ஏற்பட்டு, அந்தப் படங்களைத் தென் கரோலினாவில் இருக்கும் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது.

நம் பக்கத்தில் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். மூக்கின் அகலத்தையும் உயரத்தையும் கருவியால் அளந்து மனிதர்களைத் தரம் பிரிக்கலாம் என்று நம்பிய காலத்தின் ஆள். தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றி ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மலையாளிகளைப் பற்றி அதில் நீண்ட பதிவு இருக்கிறது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று காஞ்சிபுரத்திலிருந்து மலை ஏறிய மூவர் கதையை உங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதுவும் அதில் இருக்கிறது. அண்ணன் தம்பிகளுக்குப் பெயர் இருக்கிறது, அவர்கள் கைப்பிடித்த பெண்களுக்குப் பெயர் இல்லை. அந்தத் தொகுதிகளின் படங்களைப் புரட்டிப் பாருங்கள். படத்துக்குக் கீழே பெரும்பாலும் குலத்தின் பெயர்தான் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. எதிரில் நின்றவளிடம் உன் பேர் என்ன என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இன்றைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற பயணியும் அதையே செய்கிறான். ஆகாய கங்கைக்குப் போகும் வழியில் தலைச்சுமையோடு நடக்கும் பெண்ணைக் கைப்பேசியில் பிடிக்கிறான். கீழே மலைவாழ் பெண் என்று எழுதிப் போடுகிறான். தர்ஸ்டன் அளவாவது எடுத்துக்கொண்டார், இவன் அந்தச் சிரமமும் படுவதில்லை.

பெட்ரீசியா ஹில் காலின்ஸ் என்ற சமூகவியலாளர் 1990இல் எழுதிய நூலில் இன்னொரு கருவியைக் கொடுத்தார். கறுப்பினப் பெண்ணை அமெரிக்கப் பண்பாடு சில அச்சுகளுக்குள் ஊற்றி வார்க்கிறது என்றார். எசமானியின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளைவிட மேலாக வளர்க்கும் விசுவாசமான ஆயா. ஆண்களை அடக்கி வைக்கும் கடுகடுத்த தாய். அரசு உதவியில் சோம்பி உட்கார்ந்திருப்பவள். காமம் தவிர வேறு அறியாதவள். இந்த அச்சுகள் பொய் என்பதோடு அவர் நிற்கவில்லை. அவை யாருக்குப் பயன்படுகின்றன என்று கேட்டார். ஆயா குறைந்த கூலிக்கு உழைக்கிறாள் என்றால், அவள் அன்பினால் உழைக்கிறாள் என்று காட்டும் படம் கூலி கொடுப்பவனுக்கு உதவுகிறது. காமுகி என்று காட்டும் படம் அவளைக் கெடுத்தவனைக் காப்பாற்றுகிறது. காலின்ஸிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தக் கணக்குப் பார்க்கும் புத்தியை.

தமிழ்த் திரையின் அச்சுகளை இப்போது பார்ப்போம். நமக்கெல்லாம் தெரிந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். 2007இல் வெளிவந்த சங்கரின் ‘சிவாஜி’. அதில் பக்கத்து வீட்டில் இரண்டு பெண்கள். அவர்கள் முகத்தில் கரிய ஒப்பனை பூசியிருக்கிறார்கள். அவர்கள் வந்தாலே கதாநாயகனும் மாமனும் மிரள்கிறார்கள், அரங்கம் சிரிக்கிறது. அந்தப் பெண்களின் பெயர் அங்கவை, சங்கவை.

அந்தப் பெயர்கள் யாருடையவை? பாரியின் மக்களுடையவை என்று நம் மரபு சொல்கிறது. புறநானூறு அவர்களைப் பாரி மகளிர் என்று மட்டுமே குறிக்கிறது. தந்தையை இழந்து, பறம்பு மலையை இழந்து, நிலவைப் பார்த்து அவர்கள் பாடிய பாட்டு அதில் இருக்கிறது. தமிழின் மிகப் பழைய பெண் குரல்களில் ஒன்று அது. அவர்கள் குறிஞ்சி நிலத்துப் பெண்கள், உங்களைப் போல மலையில் பிறந்தவர்கள். பாரியும் உங்கள் ஓரியும் கடையெழு வள்ளல்களின் வரிசையில் சேர்ந்து நிற்பவர்கள். தோற்றுப்போன மலையைத் தங்கள் கண்ணால் பார்த்துத் தங்கள் வாயால் சொன்ன இரண்டு பெண்களின் பெயரை எடுத்து, நிறத்தைக் காட்டிச் சிரிப்பதற்கான பெயர்களாக ஆக்கினோம். படம் பெரிய வெற்றி. அதே படத்தில் கதாநாயகன் வெள்ளையாக ஆசைப்பட்டு என்னென்னவோ செய்கிறார், ஒரு பாட்டில் கணினி அவருடைய மேனியை ஐரோப்பிய நிறத்துக்கு மாற்றியும் காட்டுகிறது. நாயகனுக்கு நிறம் மாறுவது ஒரு பாட்டு நேர விளையாட்டு. பாட்டு முடிந்ததும் அவர் தம் நிறத்துக்குத் திரும்பி நாயகனாகவே இருக்கலாம். அந்தப் பெண்களுக்குத் திரும்பிப் போக இடமில்லை.

அன்றைக்கு அந்த அரங்குகளில் கறுத்த நிறத்துப் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு என்ன பட்டப்பெயர் கிடைத்தது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஹூக்ஸ் தம் கட்டுரையில் சஃபையர் என்ற தொலைக்காட்சிப் பாத்திரத்தைப் பற்றிச் சொல்கிறார். அவள் நச்சரிக்கும் கறுப்பு மனைவி, எல்லாரும் சிரிப்பதற்கென்றே படைக்கப்பட்டவள். சிறுமியாக இருந்தபோது அவளை வெறுத்தோம், அவள் நாம் இல்லை என்று நினைத்தோம் என்கிறார். வயதான கறுப்புப் பெண்களோ அவளைத் தங்களவள் என்று சொந்தம் கொண்டாடினார்கள். அவள் எரிச்சல் அவர்களுக்குப் புரிந்தது. அங்கவையையும் சங்கவையையும் நாம் அப்படி மீட்டுக்கொள்ளலாம். யாராவது ஒரு பெண் அந்தப் பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து இந்தக் கதையை எழுதினால் நான் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

கறுப்பு நம் நாட்டில் இழிவு மட்டுமே என்றும் சொல்லிவிட முடியாது. பெரியார் இயக்கம் கறுப்பைச் சட்டையாக அணிந்தது. கறுத்த நாயகர்களைத் தமிழ்த் திரை கொண்டாடியது. 2018இல் பா. இரஞ்சித்தின் ‘காலா’ கறுப்பை உழைப்பின் நிறம் என்று நிறுவியது. ஆனால் ஆணுக்கு அரசியலாகிவிட்ட கறுப்பு, பெண்ணுக்கு இன்னும் குறையாகவே இருக்கிறது. கறுத்த நாயகனுக்குப் பக்கத்தில் வடக்கிலிருந்து வரவழைத்த வெளுத்த நாயகியை நிறுத்துவது நம் திரைத்தொழிலின் பழக்கம். கறுத்த பெண்ணுக்கு ஒதுக்கியது வேறு இடம். சில்க் சுமிதா 1980களில் எத்தனை படங்களில் ஆடினார்! அந்த மாநிறத்தை விரும்பித்தான் அரங்கம் நிரம்பியது. ஆனாலும் கடைசிக் காட்சியில் தாலி வேறொருத்திக்குத்தான். 1996இல் அவர் இறந்தபோது எழுதிய கைகளும் அந்த அச்சிலிருந்து அவரை விடுவிக்கவில்லை.

சங்கப் பாட்டில் நிறத்தின் கணக்கே வேறு. தலைவியின் மேனி மாந்தளிர் போன்ற மாமை நிறம். பிரிவு வந்தால் அந்த நிறம் போய்ப் பசலை படர்கிறது. வெளிறுவது நோயின் அடையாளம், தாயும் தோழியும் அதைக் கண்டுதான் கவலைப்படுகிறார்கள். 1975இல் இந்துஸ்தான் லீவர் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ பசையைக் கடைக்குக் கொண்டுவந்தது. நம் பழம்பாட்டு நோய் என்று சொன்னதைக் குழாயில் அடைத்து அழகு என்று விற்றார்கள். 2020இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொலைக்குப் பின் எழுந்த போராட்டங்களின் அலையில், பெயரை ‘குளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றினார்கள். பெயர்தான் மாறியது. இதற்கிடையே 2009இல் ‘கறுப்பு அழகு’ என்று சொல்லும் இயக்கத்தைச் சென்னையில் தொடங்கியவர்கள் பெண்கள் என்பதையும், 2017இல் சென்னை இளைஞர்கள் இருவர் நம் தெய்வங்களைக் கறுத்த மேனியரைக் கொண்டு படம் பிடித்ததையும் சொல்ல வேண்டும். கருவறையில் எண்ணெய் மின்னக் கறுப்பாக நிற்கும் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், சிவகாசி நாட்காட்டியில் அதே அம்மன் ரோசாப்பூ நிறத்தில் இருக்கிறாள். அதை நாம் கவனிக்கக்கூட மறந்துவிட்டோம்.

பி.கே. ரோசியின் கதைக்கு வருகிறேன். அவர் ஒரு தலித் பெண். அகஸ்தீசுவரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல் எடுத்த முதல் மலையாளப் படமான ‘விகதகுமாரன்’ படத்தில் கதாநாயகி. திரையில் அவர் நாயர் பெண்ணாக வந்தார். திருவனந்தபுரம் திரையரங்கில் அதைப் பார்த்த ஆதிக்கச் சாதியினர் கொதித்தார்கள். திரை மீது கல் விழுந்தது. அவருடைய குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவர் தப்பி ஓடி வந்த இடம் தமிழ்நாடு. நாகர்கோவில் பக்கம், ஒரு லாரி ஓட்டுநருக்கு மனைவியாக, தாம் நடித்ததைச் சொல்லாமலே வாழ்ந்து மறைந்தார். படச்சுருள் மிஞ்சவில்லை. அமெரிக்காவில் ‘கான் வித் த விண்ட்’ படத்துக்காக 1940இல் ஆஸ்கார் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் ஹாட்டி மெக்டேனியலை, விருது விழாவில் தனி மேசையில் ஒதுக்கி உட்கார வைத்தார்கள். அவர் நடித்தது அடிமை ஆயா வேடம், ஆகவே பொறுத்துக்கொண்டார்கள். ரோசி மேல்சாதிப் பெண்ணாக நடித்தார், அதைப் பொறுக்கவில்லை. கீழே வைத்த பெண் தன் இடத்திலிருந்தே நடித்தால் விருது, இடம் மாறி நடித்தால் தீ.

இன்னொன்று, குரல். ஜூலி டாஷ் 1982இல் ‘இல்லூஷன்ஸ்’ என்றொரு குறும்படம் எடுத்தார். 1940களின் ஹாலிவுட்டில் நடக்கும் கதை. திரையில் வெள்ளை நடிகை வாயசைக்கிறாள். ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெண் அவளுக்காகப் பாடுகிறாள். குரல் வேண்டும், முகம் வேண்டாம். இதைப் பார்த்தபோது எனக்குச் சரிதா நினைவுக்கு வந்தார். 1978இல் ‘தப்புத் தாளங்கள்’, 1981இல் ‘தண்ணீர் தண்ணீர்’. அந்தக் கறுத்த முகத்தில் பெரிய கண்கள் பேசியதை என் தலைமுறைப் பெண்கள் மறக்க முடியாது, எங்கள் தெருவில் இருக்கும் ஒருத்தி திரையில் இருந்தாள். பின்னாளில் அதே சரிதா பல மொழிகளில் பல நாயகிகளுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தார். நடிப்பில் பாதி குரல்தானே? வெளுத்த முகங்கள் அழுதபோது நாம் கேட்டது கறுத்த பெண்ணின் அழுகை. அந்தப் படங்களின் பாராட்டில் ஒரு பங்கு அவருடையது என்று இன்றும் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

அட்டப்பாடி இருளர் நஞ்சியம்மாவுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை 2022இல் அறிவித்தபோது, அவருக்கு முறையான இசை தெரியுமா என்று கேட்டவர்கள் உண்டு. விருது பெற்ற அந்தப் பாட்டை எழுதியவரும் அவர்தான். அவருடைய வெள்ளந்திச் சிரிப்பைப் பற்றி எழுதியவர்களில் எத்தனை பேர் அவரைக் கவிஞர் என்று எழுதினார்கள்?

நல்லெண்ணத்தோடு எடுத்த படங்களையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். 2021இல் வந்த ‘ஜெய் பீம்’ பழங்குடியினர் மீதான காவல் கொடுமையை ஏராளமான வீடுகளுக்குள் கொண்டுசென்றது. அதற்கு நான் நன்றி சொல்கிறேன். ஆனால் அதில் செங்கேணி என்ற இருளர் பெண்ணாக நடித்தவர் கேரளத்து நடிகை லிஜோமோள் ஜோஸ். அவர் அருமையாக நடித்தார். ஒப்பனை அவர் மேனியைக் கறுக்க வைத்தது. இருளர் பெண்ணின் வலியைச் சொல்லும் கதையில் இருளர் பெண்ணின் முகம் நடுவில் இல்லை. 2023இல் வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதல் பாகத்தில், மலை ஊர்ப் பெண்களைக் காவலர்கள் ஆடை களைந்து வதைக்கும் காட்சி இருக்கிறது. அரச வன்முறையைக் காட்டவே எடுத்த காட்சி. எனினும் அந்த அறையில் கேமரா எங்கே நிற்கிறது, யார் கண்ணின் உயரத்தில் நிற்கிறது என்று நான் கேட்பேன். ஒரு கொடுமையைக் கண்டிப்பதற்காக அதே உடலை மறுபடியும் எல்லார் முன்பும் நிறுத்தத்தான் வேண்டுமா? வீம்ஸ் டெலியாவின் படத்தைச் சிவப்பாக்கி, அவளிடம் பேசுவதற்கு வரிகளைத் தேடியது இந்தச் சங்கடத்தால்தான்.

அந்தக் காட்சிக்குப் பின்னால் நம் நினைவில் நிற்பது வாச்சாத்தி. சித்தேரி மலையடிவாரம், தருமபுரி மாவட்டம். அங்கே இருப்பவர்கள் உங்கள் உறவுக்காரர்கள், மலையாளிப் பழங்குடியினர். 1992 சூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்தன. 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுங்கின, ஊரே சிறைக்குப் போனது. முதலில் யாரும் நம்பவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரிகளும் விடாமல் போராடினார்கள். 1995இல் உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுப் பிரிவிடம் கொடுத்தது. 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இந்த வழக்கில் அடையாள அணிவகுப்பு நடந்தது. வரிசையாக நிற்கும் அதிகாரிகள் முன்னால் அந்தப் பெண்கள் நடந்து போனார்கள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்கள். இவன்தான் என்று கை நீட்டினார்கள். கல்வி இல்லை, பணம் இல்லை, ஊரும் இல்லை. அவர்களிடம் மிச்சமிருந்தது பார்த்த கண். அந்தக் கண்ணை நீதிமன்றம் சான்றாக ஏற்றுக்கொண்டது. எதிர்ப்பார்வை பற்றி ஹூக்ஸ் எழுதிய கட்டுரை வெளியானதும் 1992இல், வாச்சாத்தி நடந்ததும் 1992இல். அந்தக் கட்டுரையை அவர்கள் யாரும் படித்திருக்க மாட்டார்கள். படிக்காமலே அதைச் செய்து காட்டினார்கள். வாச்சாத்தி என்றால் பாதிக்கப்பட்ட பெண்கள் என்று மட்டும் நாம் சொல்லிப் பழகிவிட்டோம். சாட்சிகள் என்று சொல்லிப் பழக வேண்டும்.

இனி இந்த மலையின் உரலுக்கு வருகிறேன். கொல்லிமலை பற்றிய அறிக்கைகள், சிறுதானியப் பொட்டலங்கள், கண்காட்சித் தட்டிகள் எல்லாவற்றிலும் ஒரு படம் இருக்கும். சேலையை இழுத்துச் செருகி, உலக்கையை ஓங்கிப் பிடித்த ஒரு பெண். பார்க்கிறவர்களுக்கு அழகாக இருக்கிறது. ஆனால் இந்த மலையில் சாமையும் தினையும் ஏன் குறைந்தன? மரவள்ளி வந்தது, சமவெளிச் சேகோ ஆலைகள் கிழங்கை வாங்கின, கையில் காசு புழங்கியது. அதோடு இன்னொரு காரணமும் உண்டு. சாமையை உமி நீக்கிக் குத்துவது பெண்ணின் தோளை ஒடிக்கிற வேலை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியப் பணி செய்தபோது, அரவை இயந்திரங்களைக் கொண்டுவந்து மகளிர் குழுக்களிடம் கொடுத்தது அதனால்தான். எந்தச் சுமையை இறக்கி வைக்கப் பெண்கள் விரும்பினார்களோ அதே சுமையைப் பொட்டலத்தின் மேல் அழகாக அச்சிட்டு விற்கிறோம். இயந்திரத்தின் பக்கத்தில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் படத்தை ஏன் போடக் கூடாது?

பரணருக்கு இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். குறுந்தொகையின் 89ஆம் பாட்டில் கொல்லிப்பாவையைப் போன்ற ஒரு பெண் வருகிறாள். அவள் உரலில் குத்திக்கொண்டே தன் மனதில் உள்ளதைப் பாடுகிறாள். அயலார் அதைக் கேட்டுப் பேசுகிறார்கள், பேசட்டும் என்கிறாள் தோழி. பாவையை வைத்துச் சொன்ன பாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இங்கே அவள் யாரையும் மயக்கவில்லை, யாரையும் கொல்லவுமில்லை. கை வேலை செய்கிறது, வாய் தனக்குத் தோன்றியதைப் பாடுகிறது.

மாணவிகளிடம் ஒரு வேலையை ஒப்படைக்க விரும்புகிறேன். உங்கள் பள்ளியில் ஒரு படப் பதிவேடு தொடங்குங்கள். வீட்டுப் பெட்டியில் இருக்கும் கல்யாணப் படம், குடும்ப அட்டைக்கு எடுத்த படம், பயணிகள் எடுத்து இணையத்தில் போட்ட படம், எதுவானாலும் சரி. ஒவ்வொன்றின் கீழும் அதில் இருக்கும் பெண்ணின் பெயரை எழுதுங்கள். யார் எடுத்தது, கேட்டு எடுத்தாரா என்று எழுதுங்கள். அந்தப் படத்தைப் பார்த்து அவர் என்ன சொல்கிறார் என்பதை அவர் பேசிய பேச்சிலேயே எழுதுங்கள். இதை வெளியே காட்டலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று ஒரு பாட்டி சொன்னால் படத்தை அவரிடமே கொடுத்துவிடுங்கள், அந்தப் பக்கத்தில் பெயர் மட்டும் இருக்கட்டும். பிறகு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, கொல்லிமலையில் எடுத்த பழைய படங்கள் அவர்களிடம் இருந்தால் நகல் கேளுங்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் காட்டி முகங்களுக்குப் பெயர் கண்டுபிடித்துத் தருகிறோம் என்றும் அதில் எழுதுங்கள். கூட்டம் முடிந்ததும் ஆசிரியை முன்னிலையில் உட்கார்ந்து அதை எழுதிவிடலாம். முகவரி என்னிடம் இருக்கிறது, கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும்.